கலஹாரித் தேரியில் மூன்று இரவுகள்

எங்கள் ஊர்ப் பக்கம் செம்மணல் மேட்டைத் தேரி என்போம். தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் தேரியைத் தாண்டும்போது பனையோலையைக் கையில் எடுத்துக்கொண்டு போனதாக என் ஆச்சி சொல்வார். கால் பொறுக்கும்வரை ஓடி, ஓலையைத் தரையில் போட்டு அதன்மேல் நின்று, சூடு ஆறியதும் மறுபடி ஓடுவார்களாம். அந்த மணலைவிட்டு வந்து, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒன்பது வருடம் கடலும் கரும்பும் பார்த்துப் பழகியிருந்த எனக்கு, கலஹாரியின் முதல் மணல்மேடு கண்ணில் பட்டதும் வாயிலிருந்து வந்த சொல் “தேரி!” என்பதுதான். அதே சிவப்பு. மணல் ஒவ்வொன்றின் மேலும் இரும்பின் துரு மெல்லிய தோலாகப் படிந்திருப்பதால் வரும் நிறம் அது. இரண்டு இடத்திலும் காரணம் ஒன்றே.

வண்டியில் நாங்கள் நான்கு பேர். நானும் கணவரும், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும், அவருடைய பன்னிரண்டு வயதுப் பேரனும். பெரியம்மாவுக்கு எழுபத்தொன்று. அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து முதல் கூட்டத்தை டர்பனில் இறக்கிய பிறகு, அடுத்தடுத்த கப்பல்களில் வந்தவர்களில் ஒருவர். பெரியம்மாவுக்குத் தமிழ் பேச வரும், தேவாரம் பாட வரும், எழுதப் படிக்க வராது. பேரன் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நடத்தும் தமிழ் வகுப்புக்கு வருகிறான். வீட்டில் ஆங்கிலம்தான். வகுப்பிலும் அவனை வற்புறுத்தித்தான் பேசவைக்க வேண்டியிருந்தது.

ஜூலை விடுமுறையின் முதல் வாரம். ஆடி பிறந்தால் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் வேலைகள் பெரியம்மாவைப் பிடித்துக்கொள்ளும். அதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. டர்பனிலிருந்து அப்பிங்டன் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். கிம்பர்லியில் ஓர் இரவு தங்கினோம். அப்பிங்டனிலிருந்து வடக்கே இன்னும் இருநூற்றைம்பது கிலோமீட்டருக்குமேல் போனால் துவீ ரிவீரன், காலகாடி எல்லைகடந்த பூங்காவின் வாசல். 1931-இல் தென்னாப்பிரிக்கா அமைத்த பூங்காவையும் போட்ஸ்வானா பக்கத்துப் பூங்காவையும் 2000-இல் ஒன்றாக்கியதில் கிடைத்த இடம் இது. மொத்தம் சுமார் 38,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதில் முக்கால் பங்கு போட்ஸ்வானாவில் இருக்கிறது.

நாங்கள் பதிவு செய்திருந்தது நோசோப் தடம். நான்கு பகல், மூன்று இரவு. துவீ ரிவீரனிலிருந்து நோசோப் முகாம்வரை மணல்மேடுகளுக்குள்ளே 214 கிலோமீட்டர். முன்னால் வழிகாட்டியின் வண்டி, பின்னால் நம் வண்டிகள், ஐந்துக்கு மேல் கிடையாது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வேண்டும். கூடாரம், தண்ணீர், சாப்பாடு, விறகு எல்லாம் நாம்தான் கொண்டுபோக வேண்டும். இரவு தங்கும் இடங்களில் குழிக்கழிப்பறை ஒன்றும், தலைக்குமேல் தொங்கவிட்டுக் குளிக்கும் வாளி ஒன்றும் உண்டு. வேலி கிடையாது. இதைப் பெரியம்மாவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். “கேட்டோ மேனரில் எங்கள் வீட்டுக்கு மட்டும் வேலியா இருந்தது?” என்றார். அவர் சிறுவயதில் வாழ்ந்த டர்பன் பகுதி அது.

முதல் நாள் காலை சக்கரங்களில் காற்றை இறக்குவதோடு தொடங்கியது. காற்று குறைந்தால் டயர் அகன்று மணலை அணைத்துப் பிடிக்கும்; நிறைய இருந்தால் மணலைத் தோண்டிக்கொண்டு உள்ளே போகும். எனக்குப் புதிதாக இருந்தது புல். தடத்தின் நடுவே காய்ந்த புல் முழங்கால் உயரம் நிற்கிறது. அதன் விதைகள் ரேடியேட்டரை அடைத்துவிடும் என்பதால் முன்பக்கம் வலை கட்டிக்கொள்ள வேண்டும். அடியில் புகைக்குழாய் ஓரம் சேரும் புல் சூட்டில் பற்றிக்கொண்டு வண்டியையே எரித்துவிடும். அதனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வழிகாட்டி எங்களைத் தரையில் படுக்கவைத்து, கம்பியால் புல்லைக் கிளறி எடுக்கச் சொன்னார். என் கணவர் இரண்டாவது நிறுத்தத்தில் அலுத்துக்கொண்டார். வழிகாட்டி ஒன்றும் சொல்லாமல் தானே எங்கள் வண்டிக்கடியில் நுழைந்து ஒரு கைப்பிடி கருகிய புல்லை எடுத்துவந்து அவர் உள்ளங்கையில் வைத்தார். அது இன்னும் சூடாக இருந்தது. அதற்குப் பிறகு யாரும் அலுத்துக்கொள்ளவில்லை.

வழிகாட்டி கோமானி சான் குலத்தவர்; கலஹாரியின் ஆதிகுடிகளில் ஒன்று அது. ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லியான உடல்வாகு. அவருடைய பாட்டி இந்தப் பூங்கா எல்லைக்குள் பிறந்தவர். பூங்கா வந்தபோது அங்கே வாழ்ந்த சான் மக்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்பட்டார்கள். நிலத்தைத் திரும்பப் பெற 1999 ஆக வேண்டியிருந்தது. அந்த ஆண்டு மார்ச் 21 அன்று, அப்போது துணை அதிபராக இருந்த தாபோ எம்பெக்கி ஒப்பந்தத்தில் கையெழுத்திட வந்தார். 2017-இல் கோமானி நிலப்பரப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இந்த விவரங்களை வழிகாட்டி அதிகம் பேசவில்லை. பாட்டி தீக்கோழி முட்டை ஓட்டில் தண்ணீர் வைத்திருந்ததைப் பற்றித்தான் நிறையப் பேசினார்.

தண்ணீர்தான் அந்த நாலு நாளும் எங்கள் பேச்சு. நோசோப் என்ற பெயரில் ஆறு ஒன்று வரைபடத்தில் இருக்கிறது. நூறு வருடத்தில் ஓரிரு முறைதான் அதில் வெள்ளம் ஓடும். மற்ற நாளெல்லாம் வெறும் வெள்ளைத் தரை. அப்படியானால் இத்தனை மான்கள் எதைக் குடிக்கின்றன? வழிகாட்டி வண்டியை நிறுத்திக் கொடி ஒன்றைக் காட்டினார். மணலில் படர்ந்த காய்ந்த கொடி, அதில் பச்சையும் வெளிர்மஞ்சளுமாக வரியோடிய உருண்டைக் காய்கள். த்சாம்மா என்று பெயர், தர்பூசணியின் காட்டு உறவு. நாங்கள் எதையும் பறிக்கக் கூடாது என்பது விதி. அவர் ஒன்றை மட்டும் கத்தியால் பிளந்து, நுனிநாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு நீட்டினார். சில காய் கசக்கும், அதை விலங்குகளும் தொடாது என்றார். உள்ளே வெளிறிய சதை. கடித்தால் சவசவவென்ற தண்ணீர், வெள்ளரியின் பின்வாசனை. எனக்குத் தேரியில் கிடக்கும் குமட்டிக்காய் கண்முன் வந்துவிட்டது. சிறுவயதில் அதை உதைத்துப் பந்தாடியிருக்கிறோம். அதுவும் இந்தக் குடும்பம்தான், ஆனால் வாயில் வைக்க முடியாத கசப்பு.

ஜெம்ஸ்பாக் என்ற பெரிய மான், ஈட்டிபோல் நேராக நிற்கும் கொம்புகளோடு, இந்தக் காயைத் தின்றே நாட்களை ஓட்டிவிடுமாம். வெயிலில் அதன் உடம்பு சூடேறினாலும் மூளைக்குப் போகும் இரத்தம் சற்றுக் குளிர்ந்து போக வழி உண்டு. மூக்கில் மூச்சுக் காற்றால் குளிர்ந்து திரும்பும் இரத்தம், மூளைக்குப் போகும் நுண்ணிய குழாய்ப் பின்னல் ஒன்றைச் சூழ்ந்து அதன் சூட்டைக் குறைக்கிறது. ஒட்டகமுள் மரத்தடியில் அது அசையாமல் நின்றதைப் பார்த்தபோது அந்த மரம் எங்கள் உடைமரத்துக்கு அண்ணன்போல இருந்தது. அதே குடை விரிப்பு, அதே வெண்முள். ஒரு மரத்தில் வைக்கோல்போரைத் தூக்கி வைத்ததுபோல் ஒரு குவியல். சமூக நெசவாளிக் குருவிகளின் கூடு. நம் தூக்கணாங்குருவிக்கு ஆளுக்கொரு வீடு. இவற்றுக்கு நூற்றுக்கும் மேலான குருவிகள் சேர்ந்த ஒரே தெரு. தலைமுறை தலைமுறையாகச் செப்பனிட்டு அதிலேயே வாழும்.

சாப்பாட்டைப் பெரியம்மா தன் பொறுப்பில் வைத்துக்கொண்டார். முதல் இரவு டின் மீன் குழம்பு. தக்காளி, கறிவேப்பிலை, டர்பன் மசாலாத்தூள், கத்தரிக்காய் ஊறுகாய். வழிகாட்டி நெருப்புத் தணலில் ரொட்டி சுட்டுத் தந்தார். அடுத்த வண்டியிலிருந்த, டச்சு வழிவந்த வெள்ளையரான ஆப்பிரிக்கானர் தம்பதி கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

குளிரைப் பற்றி எச்சரிக்க வேண்டும். பகலில் சட்டையோடு இருக்கலாம். சூரியன் விழுந்த ஒரு மணி நேரத்தில் நிலைமை மாறிவிடும். முதல் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போனது, காலையில் பாட்டில் தண்ணீர் கட்டியாக இருந்தது. டர்பனில் வாடகைக்கு எடுத்த கூடாரத்தின் ஜிப் பாதியில் நின்றுவிட்டது. கிளம்புமுன் முற்றத்தில் விரித்துப் பார்க்காமல் விட்டோம். பெரியம்மா தன் புடவை இரண்டை ஊக்கு குத்தி வாசலுக்குத் திரையாக்கினார். ஜூலையில் போகிறவர்கள் கூடாரத்தை ஒருமுறை விரித்துச் சோதியுங்கள், ஆளுக்கு இரண்டு கம்பளிக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் விடியலில் வழிகாட்டி பேரனைக் கூப்பிட்டார். முந்தைய மாலை எங்கள் டயர் போட்ட கோட்டின்மேல் ஒரு சிங்கத்தின் தடம், என் விரித்த கை அளவு. இரவில் அது உறுமியது எங்களுக்குக் கேட்டிருந்தது, தூரத்தில் என்று நினைத்துக்கொண்டோம். “எப்போது போனது, சொல்” என்றார். பையன் விழித்தான். தடத்தின் குழிக்குள்ளேயே குறுக்காகப் பொட்டுப் பொட்டாய் ஒரு கோடு ஓடுவதைக் காட்டினார். மணல் எலி. அது இரவில்தான் வெளியே வரும். அது ஓடியபோது சிங்கத்தின் தடம் ஏற்கெனவே அங்கே இருந்திருக்கிறது. அப்படியானால் விடியலில் போகவில்லை, நாங்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோதோ அதற்குச் சற்றுப் பின்னரோ போயிருக்கிறது. பையன் மண்டியிட்டு அந்தப் பொட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினான். வகுப்பில் அவன் எதையும் அப்படி உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை.

அன்று இரவு வழிகாட்டியிடம் அவருடைய பாட்டியின் மொழியைப் பற்றிக் கேட்டேன். நூ என்று பெயர். அது அழிந்துவிட்டது என்று அறிஞர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். 1990-களின் இறுதியில் எல்சி வால்போய் என்ற மூதாட்டி பேசியபோதுதான் அது உயிரோடு இருப்பது வெளியே தெரிந்தது. பிறகு 1933-இல் பிறந்த கத்ரினா ஈசாவ் அப்பிங்டனில் தம் வீட்டிலேயே பள்ளி வைத்துக் குழந்தைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். அந்த மொழியில் ஐந்து வகைச் சொடுக்கொலிகள் உண்டு. வழிகாட்டிக்குக் கையளவு சொற்கள்தான் தெரியும். தாயும் தந்தையும் அவரிடம் ஆப்பிரிக்கானர்களின் மொழியான ஆப்பிரிக்கான்ஸ் மட்டுமே பேசினார்கள், நூ மொழி வெளியே தெரிந்தால் வேலை கிடைக்காது, அவமானம் என்ற பயம். ஒலிகளை மட்டும் செய்து காட்டினார். பல்லில் நாக்கை ஒட்டி எடுத்தது ஒன்று. பெரியம்மா உடனே, “இது நாம் உச்சுக்கொட்டுவதுதானே!” என்றார். கன்னத்தோரம் எழுந்தது மாட்டை ஓட்டும் ஒலி. உதட்டால் எழுப்பியது குழந்தையைக் கொஞ்சும் முத்த ஒலி. நாம் இரக்கத்துக்கும் மாட்டுக்கும் குழந்தைக்கும் வைத்திருக்கும் ஒலிகளை அவர்கள் எழுத்துகளாக வைத்திருக்கிறார்கள். பையன் பதிலுக்கு ழகரத்தைச் சொல்லிக் காட்டினான். வழிகாட்டி நாலைந்து தடவை முயன்றார், வந்துவிட்டது.

பிறகு பெரியம்மா கேட்டோ மேனரைப் பற்றிச் சொன்னார். குடியிருப்புப் பகுதிகளை இனவாரியாகப் பிரித்த 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரால் அந்த இடம் வெள்ளையர்களுக்கு என்று அறிவிக்கப்பட்டது. அவருக்குப் பத்து வயதிருக்கும்போது லாரியில் சாமான்களை ஏற்றிச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். வீட்டு முற்றத்து முருங்கையை விட்டுவிட்டு வந்ததற்கு அவருடைய அம்மா அழுதாராம். வழிகாட்டி கேட்டுக்கொண்டே விறகை உள்ளே தள்ளினார். நான் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்கு மொழி போய்விட்டது. இன்னொருவருடைய வீட்டில் அது போய்க்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேர வகுப்பு எனக்கு அன்றைக்கு ஒரு பொழுதுபோக்காகத் தெரியவில்லை.

மூன்றாம் இரவு அமாவாசைக்கு மறுநாள். பத்து மணி வாக்கில் நெருப்பு தணிந்ததும் வானம் முழுவதும் இறங்கி வந்துவிட்டது. எங்கள் ஊரில் விருச்சிகம் தெற்கே சாய்ந்து கிடக்கும். இங்கே அது நெட்டுக்குத்தாகத் தலைக்கு மேலே நிற்கிறது. பெரியம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நிமிர்ந்து, தேளின் நடுவில் செக்கச்செவேலென்று எரிந்த நட்சத்திரத்தைக் காட்டினார்.

“அதுதான்டா கேட்டை.”

பையன் பிறந்தது கேட்டையில். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்பார்கள் அல்லவா? நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தச் சொல்லைச் சொல்லி வந்திருக்கிறான்; அது வானத்தில் இருக்கும் ஒரு பொருள் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. “என்னுடையதா, ஆயா?” என்றான். தமிழில். யாரும் சொல்லித்தரவில்லை.

வழிகாட்டி என்ன பேசுகிறோம் என்று கேட்டார். பையன் விளக்கினான். அவரும் நிமிர்ந்து பார்த்தார். பாட்டி அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார், நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை என்றார். சற்று நேரம் கழித்து, “அதற்கு நீ சொன்ன பெயரை இன்னொரு தடவை சொல்” என்றார்.

மறுநாள் மதியம் நோசோப் முகாமில் டயர்களுக்குக் காற்று நிரப்பிக்கொண்டிருந்தோம். வழிகாட்டி சட்டைப்பையிலிருந்து சிறிய குறிப்பேட்டை எடுத்தார். அதில் ரோமன் எழுத்தில் கேட்டை என்று எழுதியிருந்தார். சரியா என்று என்னிடம் கேட்கவில்லை, பையனிடம் நீட்டினார். அவன் பேனாவை வாங்கி, வண்டியின் சூடான பானட்டில் குறிப்பேட்டை வைத்து, அதன் கீழே தமிழில் எழுதினான். வகுப்பில் அவனுக்கு எப்போதும் இடம் மாறிப்போகும் இரட்டைக்கொம்பும் இணைக்கொம்பும் சரியான இடத்தில் விழுந்திருந்தன.