முதல் குளியல் விருந்தாளிக்கு

ஜப்பானில், கனாசாவா நகரில் தோழி வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குப் பழக்கம்தானே என்று தெம்பாகத்தான் நுழைந்தேன். உள்ளே வேறு செருப்பு தந்தார்கள். தத்தாமி பாய் விரித்த அறையில் அதுவும் கூடாது. கழிவறைக்குத் தனிச் செருப்பு. முதல் நாளே அந்தக் கழிவறைச் செருப்போடு கூடத்தில் வந்து நின்றேன். தோழியின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பாட்டி பொத்தவே இல்லை.

குளியல்தான் பெரிய விஷயம். விருந்தாளி என்பதால் முதலில் என்னை அனுப்பினார்கள். தொட்டிக்கு வெளியே சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுச் சுத்தமாகக் குளித்துவிட்டு, அப்புறம்தான் உள்ளே இறங்க வேண்டும். 41 டிகிரி வெந்நீர், கழுத்து வரை. எழுந்து வரவே மனமில்லை. முடித்ததும் தண்ணீரைத் திறந்துவிடக் கை போனது. நல்லவேளை, தோழி சொன்னது ஞாபகம் வந்தது: அதே நீரில்தான் வீட்டில் எல்லோரும் ஒவ்வொருவராக இறங்குவார்கள்.

நேற்று டிசம்பர் 31. சோபா என்கிற ஜப்பானிய நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு, அடியில் ஹீட்டர் வைத்து மெத்தை போர்த்திய குட்டை மேசைக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம். நள்ளிரவில் பக்கத்துக் கோயில் மணி. 108 முறை அடிப்பார்களாம், நம்மூர் அர்ச்சனைக் கணக்கேதான்! பாட்டி விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். இருபதைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார்.