முப்பது வருஷத்து ஒயினில் கொப்பரை வாசம்

கார்க்கை உடைத்தது நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் நண்பர் இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார், மறைத்துப் பயனில்லை.

நான் வேலை பார்ப்பது ஸ்பெயினில், பில்பாவோவில். அங்கிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரம் போனால் ஆரோ என்று ஒரு சின்ன ஊர் வரும். எழுதும்போது முன்னால் ஒரு ஹெச் நிற்கும், ஆனால் அதை யாரும் உச்சரிப்பதில்லை. முதல் ஆறு மாதம் நான் "ஹாரோ, ஹாரோ" என்று சொல்லி நன்றாகச் சிரிப்பு வாங்கினேன். ரியோஹா என்ற இந்த வட்டாரத்து ஒயினுக்குத் தலைநகர் என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். ஒவ்வொரு ஜூன் 29 அன்றும் ஊரே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்துக் குன்றில் ஏறி, ஒருவர்மேல் ஒருவர் ரெட் ஒயினை வாளி வாளியாக ஊற்றிக்கொள்ளும் திருவிழா இங்கேதான். நான் போனது அதற்கு இல்லை. நண்பரின் மாமனார் வீடு அங்கே. அக்டோபர் கடைசி, திராட்சை அறுவடை முடிந்த சமயம், ஒருநாள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டிருந்தார்.

போய் இறங்கினால் அடுப்படி அலமாரியில் ஒரு பாட்டில் நேராக நிற்கிறது. சும்மா எடுத்து வைத்தது என்று நினைத்தேன். இரண்டு நாளாகவே அப்படி நிற்கிறதாம். வருடக்கணக்கில் படுத்துக் கிடந்த பாட்டிலை எடுத்த கையோடு திறந்தால் மண்டி முழுக்கக் கலங்கிவிடும், அது அடியில் இறங்கட்டும் என்று நாங்கள் வருவதற்கு முன்பே நிலவறையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். லேபிளைப் பார்த்தேன். லோப்பெஸ் தே எரேதியா என்று ஆலையின் பெயர், வின்யா தொந்தோனியா என்று ஒயினின் பெயர், கிரான் ரெசெர்வா, 1994. அவர் மகள், அதாவது என் நண்பரின் மனைவி, பிறந்த வருடம்.

எனக்கு உற்சாகம் வரவில்லை, பயம்தான் வந்தது. அதற்குக் காரணம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால், நான் பிறந்த வருடத்து ஒயின் என்ற ஒரே காரணத்துக்காக எழுபதுகளின் பாட்டில் ஒன்றை ஆன்லைனில் கொஞ்சம் தாராளமாகவே காசு கொடுத்து வாங்கினேன். கடை பெயர் வேண்டாம். திறந்தால் காடி. வெறும் காடிகூட இல்லை, நனைந்த அட்டைப்பெட்டியைக் காடியில் ஊறப்போட்ட மாதிரி. பழைய ஒயின் என்பது காசு இருப்பவர்கள் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொள்ளும் வித்தை என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். அந்த முடிவில் பாதி சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். உலகத்தில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி வாங்கிய ஓரிரு வருடத்தில் குடித்துத் தீர்க்கச் செய்தது. அதை அலமாரியில் பூட்டி வைத்தால் வயதாகும், அவ்வளவுதான். பழைய அரிசி, பழைய புளி மாதிரி எல்லாம் நாள்பட்டால் மேலாகும் என்று நம்பிக்கொண்டிருந்தது என் தப்பு.

ஆனால் இந்த பாட்டில் வேறு ஜாதி. 1994இல் பறித்த திராட்சைதான், ஆனால் கடைக்கு வர ஏறக்குறைய இருபது வருடம் ஆனது. பெரியவர் இதை வாங்கியபோது மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாராம். ரியோஹாவில் ஒரு ஒயினுக்கு கிரான் ரெசெர்வா என்று பேர் வைக்க ஐந்து வருடம் காத்திருந்தால் போதும், அதில் இரண்டு வருடமாவது ஓக் பீப்பாயில் கிடந்திருக்க வேண்டும், இதுதான் சட்டம். இந்த ஆலைக்காரர்கள் பீப்பாயில் மட்டுமே பத்து வருடம் வைக்கிறார்கள். வருடத்துக்கு இரண்டு முறை மண்டியை விட்டுவிட்டுத் தெளிந்ததை வேறு பீப்பாய்க்கு மாற்றுவது, கடைசியில் முட்டையின் வெள்ளைக்கருவை விட்டுத் தெளிய வைப்பது, வடிகட்டாமல் பாட்டிலில் அடைப்பது, அப்புறம் நிலவறையில் இன்னும் பல வருடம். பீப்பாய்களை அவர்களே தங்கள் பட்டறையில் செய்துகொள்கிறார்கள், அமெரிக்காவிலிருந்து வரவழைத்த ஓக் மரத்தில். இந்த அமெரிக்க ஓக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அந்த ஒயின் ஆலை ஆரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், 1877இல் ஆரம்பித்தது. அதைச் சுற்றி இன்னும் நாலைந்து பெரிய ஆலைகள், எல்லாம் ஸ்டேஷனை ஒட்டியே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் பிரான்சின் திராட்சைக் கொடிகளை ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி வேரோடு தின்று தீர்த்தது. சரக்கு இல்லாமல் தவித்த போர்தோ வியாபாரிகள் எல்லை தாண்டி இங்கே வந்தார்கள், 225 லிட்டர் பீப்பாயில் ஒயினை முதிர வைக்கும் அவர்கள் பழக்கமும் கூடவே வேர்விட்டது. ரயில் இருந்ததால் சரக்கைத் துறைமுகத்துக்கு அனுப்புவது சுலபம். காசு புரண்டது. ஸ்பெயினில் முதன்முதலாகத் தெருவில் மின்விளக்கு எரிந்த ஊர்களில் இதுவும் ஒன்று, 1890இல். "விளக்கு தெரிகிறது, ஆரோ வந்துவிட்டது" என்று ஒரு சொலவடையே இங்கே உண்டு. பூச்சி கடைசியில் ரியோஹாவுக்கும் வந்து சேர்ந்தது, அது வேறு கதை.

சரி, கார்க். எனக்குத் திருகாணியைப் பிடிக்கத் தெரியும் என்று காட்டிக்கொள்ள ஆசை. "நான் திறக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, புருவத்தை மட்டும் தூக்கினார். முப்பது வருடக் கார்க் ஊறிப்போன ரஸ்க் மாதிரி இருக்கும், நேராக, மெதுவாக இழுக்க வேண்டும். நான் கொஞ்சம் சாய்த்து இழுத்தேன். பாதி கையோடு வந்தது, பாதி கழுத்திலேயே உட்கார்ந்துகொண்டது. அவர் பேசாமல் எழுந்து போய் இரண்டு மெல்லிய தகடு நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியைக் கொண்டுவந்தார். தகடுகளைக் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஆட்டி ஆட்டி இறக்கி, திருகியபடியே மேலே இழுத்தார். மிச்சமும் வந்துவிட்டது. தூள் கொஞ்சம் உள்ளே விழுந்தது. முதலில் ஒரு வாய் ஊற்றி அந்தத் தூளோடு தனக்கு வைத்துக்கொண்டார். பாட்டில் கழுத்துக்குக் கீழே மருமகனின் ஃபோன் டார்ச்சைப் பிடிக்கச் சொல்லி, அடியிலிருந்து கறுப்பாக ஏதாவது ஊர்ந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டே எங்கள் கிளாஸ்களில் ஊற்றினார். இளம் ஒயினை ஊற்றுவது போல் மளமளவென்று இல்லை, குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுகிற மாதிரி.

நிறத்தைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று போய்விட்டது. ரெட் ஒயின் என்றால் நாவல்பழச் சாறு மாதிரி இருக்க வேண்டாமா? இது செங்கல் நிறம், கிளாஸின் ஓரத்தில் தேநீர் மாதிரி வெளிறி, விரலை வைத்தால் ரேகை தெரிகிறது. ரெட் ஒயின் வயதாக ஆக வெளுக்கும். நிறமும் துவர்ப்பும் ஒன்றோடொன்று பிணைந்து கனத்து அடியில் படிகின்றன, அந்த மண்டியில் பாதி பழைய நிறம்தான். ஒரு வாய் குடித்தேன். மெலிசு. புளிப்பு. அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது, ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறது. மறுபடியும் ஏமாந்தோம் என்றே நினைத்தேன், ஆனால் விருந்தாளி, சொல்ல முடியுமா, "அருமை" என்றேன். பெரியவர் சிரித்துவிட்டு, "இன்னும் எழுந்திருக்கவில்லை" என்று சொல்லிவிட்டு வெளியே கறியைப் பார்க்கப் போய்விட்டார்.

கறி என்றால் ஆட்டுக்குட்டியின் சின்னச் சின்ன விலாத்துண்டுகள். கவாத்து பண்ணும்போது வெட்டிப் போட்ட திராட்சைக் குச்சிகளைக் கட்டுக்கட்டாகக் காயவைத்திருப்பார்கள், அதைக் கொளுத்தி, சுவாலை அடங்கித் தணலானதும் மேலே கம்பி வலையைப் போட்டு வாட்டுவது. உப்பு மட்டும்தான். மசாலா இல்லாத கறியைப் பார்த்தால் எனக்கு முன்பெல்லாம் பரிதாபம் வரும். இப்போது இல்லை.

கிட்டத்தட்ட நாற்பது நிமிடம் கழித்துக் கிளாஸை எடுத்தேன். அதே கிளாஸ், அதே ஒயின். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோன உடனே வந்தது கொப்பரை. எண்ணெய் ஆட்டக் காயப்போட்ட கொப்பரை, வெயிலில் கொஞ்சம் சுட்டுப்போன மாதிரி. அதற்கு அடியில் காய்ந்த அத்திப்பழம், வாடின பன்னீர் ரோஜா, பாட்டி வெற்றிலைப்பெட்டியைத் திறந்தால் வருமே அந்த வாசம். இந்தக் கொப்பரை என் ஊர் ஏக்கத்தில் வந்த கற்பனை இல்லை. ஓக்கில் லாக்டோன் என்று ஒரு பொருள் இருக்கிறது, அதன் வாசமே தேங்காய் வாசம்தான், அதுவும் அமெரிக்க ஓக்கில் அது அதிகம். பத்து வருடம் அதற்குள்ளேயே கிடந்தால் ஒட்டாமல் என்ன செய்யும்.

பெரியவரிடம் தேங்காய் என்றேன். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். ஆனால் அவருக்குத் தேங்காய் என்றால் ஊர்த் திருவிழாவில் தள்ளுவண்டியில் தண்ணீர் சொட்டச் சொட்ட அடுக்கி வைத்திருக்கும் பத்தை. அது இல்லை, இது காய்ந்த தேங்காய், எண்ணெய்ப் பிசுக்கு உள்ளது, கொஞ்சம் நாள்பட்டது என்று என் அரைகுறை ஸ்பானிஷில் பத்து நிமிடம் விளக்கினேன். "நாள்பட்டதை ஏன் வைத்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டார். அவர் கையில் 1994 பாட்டில்.

ஒயின் ருசியைப் பற்றி எழுதுகிறவர்கள் பிளாக்பெர்ரி, செடார், காட்டுத்தரை என்றெல்லாம் எழுதுவதைப் பார்த்து, நமக்கு வார்த்தை போதாது என்று கூச்சப்பட்ட காலம் உண்டு. இப்போது எரிச்சல்தான் வருகிறது. டானின் என்றால் என்ன என்று இங்கே வகுப்பு எடுக்கிறார்கள், நாக்கைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும், வாய் உலரும் என்று சுற்றிச் சுற்றிச் சொல்கிறார்கள். துவர்ப்பு. ஒரே வார்த்தை, அறுசுவையில் ஒன்று. அதிலும் எத்தனை ரகம் நமக்கு! புது ஒயினின் துவர்ப்பு வாழைப்பூவை ஆயாமல் கொள்ளாமல் கடித்த மாதிரி. இந்த 1994இல் அது தேய்ந்து தேய்ந்து, நெல்லிக்காய் தின்று கொஞ்ச நேரம் ஆன பிறகு நாக்கோரத்தில் மிஞ்சுமே, அந்த அளவுக்கு வந்திருந்தது. புளிப்பு மட்டும் தேயவே இல்லை. அதுதான் இதை இத்தனை வருடம் நிமிர்த்தி வைத்திருக்கிறது என்று பெரியவர் சொன்னார். முதலில் எனக்கு முகம் சுளிக்க வைத்த அதே புளிப்பு, ஆட்டுக்கொழுப்பு வாயில் இருக்கும்போது குடித்தால் இழுத்துத் துடைத்துவிட்டு அடுத்த துண்டுக்கு இடம் பண்ணியது. மெலிசு என்று நினைத்ததும் தப்பு. மெலிசான ரசத்தில் எல்லாம் இருக்காதா, அது மாதிரி.

ஒரு மணி நேரம் போல அது உச்சத்தில் இருந்தது. என் நண்பர் பேச்சை நிறுத்திவிட்டார், அவர் பேச்சை நிறுத்தி நான் பார்த்ததில்லை. டாக்டர் குடியைக் குறைக்கச் சொன்னதிலிருந்து நல்லதை மட்டும் குடிக்கிறேன், அளவு தானாகக் குறைந்துவிட்டது, செலவுதான் ஏறிவிட்டது என்று பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் ரோஜா போனது, அத்திப்பழம் போனது, கடைசி வாயில் தோல், மரம், கொஞ்சம் உப்பு. இறங்குவதும் தெரிந்தது. அடி மண்டியோடு மிஞ்சியிருந்த இரண்டு விரல் அளவை அவர் தணல்மேல் ஊற்றினார், சுர்ரென்று ஒரு சத்தம்.

இரவு அங்கேயே தங்கிவிட்டோம். காலையில் காபிக்கு அடுப்படிக்குள் போனபோது கழுவாத கிளாஸ்கள் மேஜையில் அப்படியே இருந்தன. என்னுடையது எது என்று தெரியாமல் ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டிருந்தேன். எல்லாவற்றிலும் கொப்பரை மட்டும் மிச்சம் இருந்தது, பச்சைத் தேங்காய் இல்லை, கொப்பரையேதான், பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று திரும்பினால் அவர் மகள் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. என் கையிலிருந்த கிளாஸை வாங்கித் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டார்.