வீமன் என்று கூப்பிடுங்கள்

"டேய் பகாசுரா, இன்னும் வேணுமோ?"

முள்ளியவளைப் பக்கம் ஒரு கோயில் அன்னதானம். தாமரை இலையில் சோறு பிசைந்துகொண்டிருந்த பொடியனின் கை அப்படியே நின்றுவிட்டது. காலையிலிருந்து விறகு கொத்தின பிள்ளை.

பகாசுரன் யார்? ஏகசக்கர நகரத்தையே மிரட்டி, வண்டிச் சோற்றோடு எருமைகளையும் கொண்டுவந்த ஆளையும் தின்றவன். உழைத்த பிள்ளைக்கு அந்தப் பெயரா?

2009 இல் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற சனம் நாங்கள். ஒரு பிள்ளை வயிறாரச் சாப்பிட்டால் எனக்கு மனம் குளிரும்.

அதே கதையில் வீமனும் இருக்கிறான். அரக்கனுக்குப் போன சோற்றை ஆறுதலாக இருந்து சாப்பிட்டுவிட்டு, அவனையும் கொன்றவன். விருகோதரன், ஓநாய் வயிற்றுக்காரன் என்றே அவனுக்குப் பெயர்.

கூப்பிடத்தான் வேண்டுமென்றால் வீமா என்று கூப்பிடுங்கள் ஐயா.