டேங்க் லைனிங்: இரண்டாம் முறை, மூன்றாம் நாள்

துரு பிடிக்காமல் இருக்க என் பைக்கின் பெட்ரோல் டேங்கின் உட்புறத்தில் பூசிய லைனிங்கைப் பார்க்க, இன்று காலை கேமராக் கம்பியை மூடி வாய் வழியாக உள்ளே விட்டேன். இடது தொங்கலின் (சட்டத்துக்கு இடப்பக்கம் தாழ்ந்து தொங்கும் டேங்கின் பாதி) அடியில் ஒரு குமிழ்கூட இல்லை. தகடுகள் சேரும் மடிப்பு ஓரம் முழுவதும் ஒரே பளபளப்பு. கம்பியை வெளியே எடுத்துவிட்டு, நம்பிக்கை வராமல் மறுபடியும் விட்டுப் பார்த்தேன். ஓர் ஆண்டாக என்னை அலைக்கழித்த இடம் அது. லைனிங் முழுவதும் இறுக இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அதற்குள்ளேயே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

போன முறை பூசியது எட்டு மாதம்தான் தாங்கியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று மூச்சுத் திணறி நின்றது. பெட்ரோல் டேப்பை (டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்) கழற்றினால், சல்லடையில் விரல் நகம் அளவுக்கு வெள்ளி நிறச் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கேமரா விட்டுப் பார்த்தபோது இடது தொங்கலில் லைனிங் அப்பளம் போல உப்பி எழுந்து நின்றது. அதன் அடியில் ஈரத் துரு.

அந்தப் பொருளின் மீது நான் குறை சொல்ல மாட்டேன். அது ஈரப்பதத்தை எடுத்துக்கொண்டு இறுகும் ஒற்றைக் கலவை. இறுகும்போது கார்பன் டை ஆக்சைடை வெளிவிடும். மெல்லிய படலமாக இருந்தால் வாயு சத்தமில்லாமல் வெளியேறிவிடும். குட்டையாகத் தேங்கினால் மேலே தோல் கட்டிக்கொள்ளும், வாயு உள்ளே சிக்கிக் குமிழாகிவிடும். அடியில் தண்ணீரும் இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். என் டேங்கில் இரண்டுமே நடந்திருக்கின்றன. லைனிங் உரிந்தால் எல்லோரும் டின்னின் மேல் உள்ள பெயரைத்தான் திட்டுகிறார்கள். என் அனுபவத்தில், டின்னைத் திறப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலும், ஊற்றிய பிறகு வரும் ஒரு மணி நேரத்திலும்தான் எல்லாம் முடிவாகிறது.

பழைய லைனிங்கை எடுப்பதே தனி வேலையாகிவிட்டது. அசிட்டோனில் நான்கு நாள் ஊறவைத்தேன். ஏற்கெனவே பிடிப்பு விட்டிருந்த இடங்கள் மட்டும் ஓரத்தில் சுருண்டன, மற்றவை அசையவில்லை. கடைசியில் மெத்திலீன் குளோரைடு உள்ள பெயின்ட் ரிமூவரிடம்தான் போக வேண்டியிருந்தது. இதைக் கையாள்வதில் கொஞ்சமும் அலட்சியம் கூடாது. ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய அறையில் ஆளைக் கொன்றிருக்கிறது. மெல்லிய நைட்ரில் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். திறந்த வெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று வேலை செய்தேன். அரை மணி நேரத்தில் லைனிங் ஈரத் துணி போலத் தளர்ந்தது. நீண்ட இடுக்கியை மூடி வாய் வழியாக விட்டு, துண்டு துண்டாக இழுத்தேன். கடைசியாக வந்த துண்டு உள்ளங்கை அகலம். அதன் அடிப்பக்கத்தில் மடிப்பின் அச்சு அப்படியே பதிந்திருந்தது, அந்த அச்சு நெடுகத் துருப் பொடி. ஒரு சொட்டு வெளியே வழிந்தாலும் பெயின்ட் போய்விடும் என்பதால் டேங்கின் வெளிப்புறம் முழுவதையும் பாலித்தீன் தாளால் சுற்றியிருந்தேன். அப்படியும் டேப் துளைக்குப் பக்கத்தில் நாணயம் அளவுக்குப் பெயின்ட் சுருங்கிவிட்டது. அது வருத்தம்தான்.

துருவை எடுத்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 14 லிட்டர் டேங்க், 1.4 கிலோ சிட்ரிக் அமிலம், வெதுவெதுப்பான நீர், ஒரு பகல், ஓர் இரவு. இடையில் இரண்டு முறை மெல்லிய சங்கிலியை உள்ளே விட்டுக் குலுக்கினேன். நட்டு, திருகு, ஜல்லி எதுவும் போடுவதில்லை. சங்கிலி என்றால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுவதும் வந்துவிடும். மூடியை இறுக்காதீர்கள், ஹைட்ரஜன் வரும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேகமாக வேலை செய்யும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேகமாகத்தான் செய்யும், துருவோடு தகட்டையும் தின்னும், குளோரைடு எச்சம் மடிப்பில் தங்கினால் மறுபடியும் துரு பிடிக்கும். நான் தொடுவதில்லை.

துரு போன பிறகுதான் உண்மையான குற்றவாளி கிடைத்தது. மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் விழும் மழைத் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் டேங்குக்குள்ளேயே இறங்கி அடியில் வெளியே வரும். அந்தத் துளையில் ஊசியில்லாத சிரிஞ்சால் தண்ணீர் விட்டேன். அடியில் வர வேண்டிய தண்ணீரில் பாதிதான் வந்தது. மீதி டேங்குக்குள் சொட்டியது. குழாயின் நடுவில் ஊசித்துளை. இத்தனை ஆண்டுகளாக ஒவ்வொரு மழைக்கும், ஒவ்வொரு முறை வண்டி கழுவும்போதும் தண்ணீர் நேராக பெட்ரோலுக்குள் போயிருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியே பிரிந்து அடியில் தங்கிவிடும். பத்து சதவீதக் கலவை ஏறக்குறைய அரை சதவீதத் தண்ணீர் வரைதான் தாங்கும். அந்த அடிநீர்தான் இடது தொங்கலைத் தின்றிருக்கிறது. டேங்க் வேலையைக் கையில் எடுப்பவர்கள் முதலில் இந்தக் குழாயைச் சோதியுங்கள். நான் போன முறை செய்யவில்லை.

இனி, உலர்த்துவது. இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது.

அமிலத்திலிருந்து வெளிவந்த தகடு சாம்பல் நிறத்தில் அத்தனை சுத்தமாக இருக்கும். அந்தச் சுத்தம்தான் ஆபத்து. ஈரப் படலமும் காற்றும் சேர்ந்தால் சில நிமிடங்களில் ஆரஞ்சு நிறத்தில் துரு பூத்துவிடும். போன முறை கழுவியதும் "வடியட்டும்" என்று அரை மணி நேரம் கவிழ்த்து வைத்தேன். நிமிர்த்தியபோது மஞ்சள் பொடி பூசியதுபோல் இருந்தது. இந்த முறை, அடுத்த கட்டத்துக்கு எல்லாம் தயாராகும் வரை டேங்கைக் காலியாக விடவே இல்லை. சோடா உப்பு கரைத்த தண்ணீரால் அமிலத்தை முறித்தேன் (இதுவும் பொங்கும், மூடி வேண்டாம்), கடைசித் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி அப்படியே வைத்தேன். அசிட்டோன், புனல், குழாய், ஊதுவான் எல்லாம் கை எட்டும் தூரத்துக்கு வந்த பிறகுதான் கொட்டினேன். ஒரு நிமிடம் வடியவிட்டு, அரை லிட்டர் அசிட்டோன். எல்லாப் பக்கமும் புரட்டி வெளியே ஊற்றிவிட்டு, புது அசிட்டோன் இன்னொரு அரை லிட்டர். மேல் தகடும் அடித் தகடும் சேரும் மடிப்பில் தண்ணீர் நூல் போல ஒளிந்திருக்கும். குலுக்கினாலும் வராது, சூட்டுக்கும் சீக்கிரம் அசையாது. அசிட்டோன் மட்டும்தான் அதோடு கலந்து அதை இழுத்துக்கொண்டு வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அசிட்டோன் ஆவி உள்ளே இருக்கும்போது ஹாட் ஏர் கன்னையோ ஹேர் டிரையரையோ காட்டினால் டேங்க் வெடிகுண்டாகிவிடும். முதலில் குளிர்ந்த காற்று மட்டும். அதுவும் மோட்டாரைத் தூரத்தில் வைத்து நீண்ட குழாய் வழியாக உள்ளே தள்ள வேண்டும். உள்ளிருந்து உறிஞ்சக் கூடாது, ஆவி மோட்டாரின் தீப்பொறிக்கே போய்ச் சேரும். நாற்றம் முழுவதும் போன பிறகும் கூடுதலாக ஒரு மணி நேரம் ஊதவிட்டேன். அதன் பிறகுதான் மிதமான சூடு, இரண்டு மணி நேரம், தகடு கை பொறுக்கும் அளவுக்கு.

உலர்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? குளிரவைத்த சின்னக் கண்ணாடி ஒன்றை டேப் துளைக்கு நேராகப் பிடித்தேன். சூடான காற்று மூடி வாய் வழியாகப் போய் அந்தத் துளை வழியாக வெளியேறும். முதல் முறை கண்ணாடியில் காசு அளவுக்குப் பனி பூத்தது. நாற்பது நிமிடம் கழித்து ஓரத்தில் மட்டும் ஒரு மங்கல். மூன்றாம் முறை என் முகம் தெளிவாகத் தெரிந்தது. முதல் இரண்டு முறையும் தகட்டைத் தொட்டால் எலும்பு போல உலர்ந்ததாகத்தான் இருந்தது. கையை நம்பியிருந்தால் போன ஆண்டின் கதை திரும்பியிருக்கும்.

இந்த முறை எடுத்தது ரெசின், அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் என இரண்டு பாகமாகக் கலக்கும் நோவோலாக் எபாக்சி, ரசாயனங்களை நன்றாகத் தாங்கும் எபாக்சி வகை. சாதாரண எபாக்சி எத்தனாலில் நாளடைவில் மென்மையாகிவிடும். வாங்கும்போது தொழில்நுட்பத் தாளைக் கேட்டு, எத்தனாலைத் தாங்கும் என்று எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தயாரித்த தேதியும் முக்கியம். எனக்கு முதலில் வந்த டின்னில் ரெசின் பாதி கற்கண்டு போல உறைந்திருந்தது. திருப்பி அனுப்ப நினைத்தேன். வெந்நீரில் டின்னை வைத்ததும் தெளிந்துவிட்டது. குளிரில் அப்படி ஆவது இயல்பு. ஆனால் ஹார்ட்னர் டின்னின் மூடியைச் சுற்றிக் கசிந்து காய்ந்திருந்தது; அதை நம்பாமல் வேறு வாங்கினேன். விகிதத்தைக் கண்ணால் அளக்காமல் தராசில் எடை போட்டேன்.

ஊற்றுவதில் போன முறை எனக்குப் புரியாத ஒன்று இப்போது புரிந்தது. டேப் இருப்பது வலது தொங்கலில். நடுவில் சட்டத்துக்காக மேடு. ஆகவே இடது தொங்கலில் தேங்குவது எவ்வளவு சாய்த்தாலும் டேப் துளைக்கு ஒழுங்காக வந்து சேராது. டேங்கைக் குப்புறக் கவிழ்த்து மூடி வாய் வழியாகத்தான் வெளியேற்ற முடியும். 400 மில்லி கலவையை ஊற்றி, எல்லா முகமும் நனையும் வரை மெதுவாகச் சுழற்றி, பிறகு கவிழ்த்து வடித்தேன். ஏறக்குறைய பாதி வெளியே வந்தது. அதோடு விடாமல், கலவை பாகு பதம் தாண்டி நூல் விடும் வரை பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிலையை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் கேமரா விட்டு, விளக்கின் பிம்பம் எங்கே அசைகிறது என்று பார்த்தேன். அசைந்தால் அங்கே குட்டை. கம்பி முனையில் கட்டிய துணியால் ஒற்றி எடுத்தேன். டேப் பொருந்தும் மரையில் பெட்ரோலியம் ஜெல்லி தடவிய போல்ட். வடிகுழாய்க்குள் அதே ஜெல்லி தடவிய நைலான் நூல். கலவை இறுகத் தொடங்கியதும் நூலை இழுத்துவிட்டு, சிரிஞ்சால் தண்ணீர் விடாமல் காற்று மட்டும் ஊதிப் பார்த்தேன். அடியில் முழுக் காற்றும் வந்தது. ஊசித்துளையை லைனிங் அடைத்துவிட்டது.

காத்திருக்கும் நாளை வீணாக்காமல் கார்புரேட்டரைத் திறந்துவிட்டேன். மிதவைக் கிண்ணத்தின் அடியில் அதே வெள்ளிச் செதில்களின் தூள். பழைய பெட்ரோல் ஹோஸ் கையில் ஒட்டுகிறது. எத்தனாலைத் தாங்கும் ஃப்ளூரோ ரப்பர் உட்பூச்சு உள்ளது வாங்க வேண்டும். நண்பர் ஒருவர் இதைவிட மோசமான டேங்க் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அதற்கு அமிலம் வேண்டாம், சலவைச் சோடாக் கரைசலில் மின்னோட்டம் கொடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். பேட்டரி சார்ஜரின் எதிர்முனை டேங்குக்கு, நேர்முனை உள்ளே தொங்கும் சாதாரண இரும்புக் கம்பிக்கு. கம்பி தகட்டைத் தொடாமல் இருக்க அதைத் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்க்குள் விடப்போகிறேன். துருப்பிடிக்காத எஃகைக் கம்பியாகப் போட்டால் நச்சுக் குரோமியம் கரைசலில் இறங்கும். அதைச் செய்யவே கூடாது.

மீந்த கலவையை ஒரு தகரப் பட்டையில் பூசி, டேங்குக்குப் பக்கத்திலேயே காயவைத்திருக்கிறேன். இன்று நகத்தால் அழுத்தினேன். தடம் விழவில்லை, ஆனால் இன்னும் லேசான வாசனை இருக்கிறது. ஏழாம் நாள் அதைப் பெட்ரோல் ஜாடியில் போட்டு ஒரு வாரம் மூழ்கவைப்பேன். பட்டை மென்மையாகாமல் வெளியே வந்தால் மட்டுமே டேங்கில் பெட்ரோல் ஊற்றுவேன்.