வாய்க்கால் மட்ட நிரல்: கவரேஜிலிருந்து எந்த வரியை விலக்கலாம்

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிளை வாய்க்கால் மதகில் நீர்மட்டம் பார்க்க ராஸ்பெரி பை என்ற சிறு கணினி, எதிரொலியால் தூரம் அளக்கும் எச்.சி-எஸ்ஆர்04 சென்சார். நிரல் பைத்தான். டெஸ்ட் ஓடுவதோ வீட்டு லேப்டாப்பில். சென்சாரை இணைக்கும் ஜிபிஐஓ பின்கள் அதில் இல்லாததால் சென்சாரைத் தொடும் வரிகள், டெஸ்டில் எந்த வரிகள் ஓடின என்று காட்டும் கவரேஜ்.பை கருவியின் அறிக்கையில் எப்போதும் சிவப்பாகவே நிற்கும்.

எடுத்த எடுப்பில், 'இந்த வரியைக் கணக்கில் எடுக்காதே' என்னும் விலக்குக் குறி போடக் கூடாது. முதல் வேலை, ஃபங்ஷனைப் பிரிப்பது. எதிரொலி திரும்பும் நேரத்தை வாங்குவது ஒன்று. அதை ஒலியின் வேகமான 34300-ஆல் (சென்டிமீட்டர்/வினாடி) பெருக்கி இரண்டால் வகுத்து சென்டிமீட்டராக்குவது இன்னொன்று. இரண்டாவதற்குச் சென்சாரே வேண்டாம்: 0.01 வினாடி கொடுத்தால் 171.5 வரவேண்டும். முதலாவதற்கு மட்டும், ஃபங்ஷன் தொடங்கும் 'டெஃப்' வரியின் கடைசியில் ஹேஷ் போட்டு 'பிராக்மா: நோ கவர்' என்ற கமென்ட். குறி டெஃப் வரியில் இருந்தால் முழு ஃபங்ஷனும் விலகிவிடும். அதே கமென்டிலேயே 'பை போர்டு தேவை' என்று காரணத்தையும் எழுதலாம், குறி கெடாது.

'இஃப்' வரியில் குறி போட்டால் அதன் உள்பகுதி விலகும், 'எல்ஸ்' பகுதி கணக்கில் இருக்கும். ஷட்டர் மூடியிருக்கும்போது என்ன செய்வது என்பது எல்ஸில் இருந்தால் அதற்கு டெஸ்ட் எழுதியே ஆகவேண்டும். அது நல்லதுதான்.

அதிகம் சிக்கல் தருவது கருவியின் அமைப்புகளை எழுதும் கவரேஜ்ஆர்சி கோப்பு. அதில் 'எக்ஸ்க்ளூட்_லைன்ஸ்' எழுதினால் கருவியில் இயல்பாக உள்ள விலக்குப் பட்டியலே போய்விடும். பிராக்மா குறியும் வேலை செய்யாது, திரும்பச் சேர்க்க வேண்டும். கவரேஜ்.பை 7.2 பதிப்பிலிருந்து உள்ள 'எக்ஸ்க்ளூட்_ஆல்சோ' பழையதை வைத்துக்கொண்டு புதியதைக் கூட்டும். இரண்டிலும் கொடுப்பது ரெகெக்ஸ் (எழுத்துகளைத் தேடும் பேட்டர்ன்), வரியின் எந்த இடத்தில் பொருந்தினாலும் பிடிக்கும். வெறுமனே 'பாஸ்' என்று கொடுத்தால் 'பைபாஸ்' என்று பெயரிட்ட ஃபங்ஷனும் முழுதாக விலகும். அதிலுள்ள மாற்று வாய்க்கால் கணக்கு டெஸ்டே இல்லாமல் கிடக்கும், அறிக்கை மட்டும் பச்சையாக இருக்கும். அதனால் பேட்டர்னின் இரு முனையையும் வரியின் தொடக்கத்தோடும் முடிவோடும் கட்டவேண்டும்.

சதவீதத்தை மட்டும் நம்புவது ஆபத்து. 120 வரியில் 90 ஓடினால் 75 சதவீதம். ஓடாதவற்றில் 18-ஐ விலக்கினால் வகுக்கும் எண் 102 ஆகி, ஒரு டெஸ்டும் கூடாமலே 88 காட்டும். டெர்மினல் அறிக்கை விலக்கிய வரிகளின் எண்ணிக்கையைச் சொல்வதில்லை. எச்டிஎம்எல் அறிக்கையில் தனி நெடுவரிசையாக இருக்கிறது; குறி சேர்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த நெடுவரிசையைப் பார்க்க வேண்டும்.

நிபந்தனை இரு பக்கமும் போனதா என்று பார்க்கும் கிளை அளவீட்டை (பிராஞ்ச் கவரேஜ்) இயக்கினால் கண்காணிப்பு லூப்பின் 'வைல்' வரி பாதிதான் ஓடியதாகக் காட்டும், டெஸ்டில் லூப் இயல்பாக முடிவதில்லை. அங்கே 'நோ கவர்' வேண்டாம், 'நோ பிராஞ்ச்' போதும். லூப்புக்குள் உள்ள வரிகள் கணக்கிலேயே இருக்கும்.