ஸ்டீயரிங் எப்போது நடுங்குகிறது?

என் காரின் ஸ்டீயரிங் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் நடுங்கத் தொடங்கியது. 110-ஐத் தாண்டினால் ஓரளவு அடங்கியது. மின்சார பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டி என்பதால் அதன் மோட்டாரோடு ஸ்டீயரிங் தண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று பணிமனையில் கூறினார்கள். நான் உடன்படவில்லை. இவ்வகை வண்டிகளில் எந்த நடுக்கத்துக்கும் மின்னணுப் பாகத்தின்மீதே பழி விழுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஓட்டுநர் திருப்பும் விசையை டார்க் சென்சார் அளந்து சொல்ல, கட்டுப்பாட்டுப் பெட்டி அதற்கேற்ப மோட்டாரை இயக்குகிறது. இந்த அமைப்பு பழுதானால், பெரும்பாலும் நின்ற நிலையிலோ மிக மெதுவாகச் செல்லும்போதோ திருப்புகையில் ஸ்டீயரிங் விட்டுவிட்டு உதறும் அல்லது கனக்கும். எச்சரிக்கை விளக்கும் எரியக்கூடும். நிறுத்துமிடத்தில் திருப்பும்போது மோட்டார் பல பத்து ஆம்பியர் மின்னோட்டத்தை இழுப்பதால், அப்போதும் முதலில் பார்க்க வேண்டியவை பேட்டரியும் அதன் முனைகளுமே. என் வண்டியில் இந்த அறிகுறி எதுவும் இல்லை; ஸ்கேனரில் பிழைக் குறியீடும் பதிவாகவில்லை.

அதே வேகத்தில் கியரை மாற்றி ஓட்டினேன். என்ஜினின் சுழற்சி மாறியும் நடுக்கம் மாறாததால், காரணம் சக்கரங்களில்தான் என்று தெளிந்தேன். ஏறத்தாழ 1.9 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குச் சுமார் 15 முறை சுற்றுகிறது. சக்கரத்தில் குறை இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் எழும் அதிர்வு, சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷனின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போகும் வேகத்தில்தான் கைக்கு அதிகமாகத் தெரிகிறது.

இரண்டு முறை வீல் பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன்செய்தல்) செய்தும் பயனில்லை. பிறகு முன்சக்கரங்களைப் பின்னுக்கு மாற்றியபோது, நடுக்கம் கையை விட்டு இருக்கைக்குப் போனது! பேலன்சிங் இயந்திரம் சக்கரத்தைச் சுமையின்றிச் சுழற்றுவதால், டயருக்குள் எஃகு இழை அடுக்கு பிரிந்திருந்தாலும் எடை சமமாக இருந்தால் அது காட்டிக்கொடுப்பதில்லை. டயர்களின் பரப்பின்மீது மெல்லக் கையை ஓட்டியபோது ஒரு டயரில் சிறு புடைப்பு தட்டுப்பட்டது. அத்தகைய டயர் ஓட்டத்தில் வெடிக்கக்கூடும் என்பதால் அன்றே அதை மாற்றினேன். நடுக்கம் முற்றிலும் நின்றது.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்கின் தடிமனைப் பல இடங்களில் அளக்க வேண்டும். மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வேறுபாடே நடுக்கம் உண்டாகப் போதும். முடுக்கும்போது மட்டுமானால் சக்கரத்துக்கு விசையைக் கடத்தும் டிரைவ் ஷாஃப்டின் உள் மூட்டைச் சோதிக்க வேண்டும்.

என் வண்டியில், ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் கம்பியின் முனை மூட்டான டை ராட் எண்டிலும் சிறு தளர்வு இருந்தது. தளர்வு தானாக நடுக்கத்தை உண்டாக்குவது அரிது என்றாலும், இருக்கும் நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும் என்பதால் அதையும் மாற்றி, சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் முடிந்ததும் ஸ்டீயரிங் கோண சென்சாரின் பூஜ்ஜிய நிலையையும் புதிதாகப் பதியச் சொன்னேன்.