கெர்னலும் சி பிளஸ் பிளஸும்: திறக்க மறந்த ஒரு பூட்டு

சென்ற மார்கழியில் பாளையங்கோட்டை வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, ஒரு சென்சார் பலகைக்கு லினக்ஸ் டிரைவர் எழுதிக்கொண்டிருந்தேன். இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள் ஓடி, சாதனத்தை இயக்கும் நிரல் அது. முதலில் எண்கள் ஒழுங்காக வந்தன. வேண்டுமென்றே தவறான அளவு கொடுத்தபோது பிழை எண்ணும் முறையாகத் திரும்பியது. அதற்கடுத்த முறை, படிக்கச் சென்ற நிரல் அப்படியே நின்றுவிட்டது. ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் பட்டியலில் அதன் நிலை ‘டி’, அதாவது இடையில் கலைக்க முடியாத காத்திருப்பு, என்று இருந்தது. கில் கட்டளைக்கும் அது அசையவில்லை. அளவைச் சரிபார்க்கும் இடத்தில், ஒரு நேரத்தில் ஒருவரை மட்டுமே உள்ளே விடும் பூட்டான மியூடெக்ஸைப் பூட்டிய பின் திறக்காமலேயே ரிட்டர்ன் செய்திருந்தேன். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வளர்ந்தவனுக்கு, மேலே ஒருவர் மடையை அடைக்க மறந்தால் கடைமடை வயல் என்னவாகும் என்று தெரியாமல் இல்லை, ஆனாலும் மறந்தேன்.

தரவையும் அதன் செயல்களையும் கிளாஸ் என்று ஒன்றாகக் கட்டும் சி பிளஸ் பிளஸ் போன்ற பொருள்நோக்கு மொழி கெர்னலுக்குத் தேவையா என்ற கேள்வியை அன்றிலிருந்து வேறு விதமாகப் பார்க்கிறேன். ஏனெனில் பொருள்நோக்கு அமைப்பு சி மொழியில் எழுதிய லினக்ஸுக்குள் எப்போதோ வந்துவிட்டது. ஃபைல் ஆபரேஷன்ஸ் என்ற ஸ்ட்ரக்சரில், அதாவது தரவுத் தொகுப்பில், ஓபன், ரீட், ரைட் ஆகியவற்றுக்கான ஃபங்ஷன் பாயிண்டர்கள், அதாவது ஃபங்ஷன்களின் முகவரிகள், வரிசையாக இருக்கின்றன. டிரைவர் எழுதுபவர் தமக்கு வேண்டியவற்றை மட்டும் நிரப்புகிறார். எந்த ஃபங்ஷனை அழைப்பது என்று காட்ட சி பிளஸ் பிளஸ் கம்பைலர் மறைவாகக் கட்டித்தரும் விர்ச்சுவல் டேபிளை இங்கே கையால் கட்டுகிறோம், அவ்வளவுதான். பொதுவான ஸ்ட்ரக்சரைத் தனி ஸ்ட்ரக்சருக்குள் பொதிந்து வைத்து, ‘கன்டெய்னர் ஆஃப்’ மேக்ரோவால் உள்ளிருப்பதிலிருந்து வெளியிலிருப்பதை அடைவதுதான் இங்கே மரபுரிமை, அதாவது பொதுவானதன் பண்புகளைத் தனியானது பெறும் வழி. ஆகவே அந்த டேபிள் வழியாக அழைக்கும் விர்ச்சுவல் ஃபங்ஷன் மெதுவானது என்று சொல்லி சி பிளஸ் பிளஸை ஒதுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பாயிண்டர் வழியாக அழைக்கும் செலவு இரண்டிலும் ஒன்றுதான்.

உண்மையான தடை எக்ஸெப்ஷன், அதாவது பிழையை எறிந்து, அழைத்தவர்களில் ஒருவர் பிடித்துக்கொள்ளும் முறை. அதை எறிவதற்கு நினைவகம் ஒதுக்க வேண்டும், அட்டவணைகளைத் தேடி, ஃபங்ஷன் அழைப்புகளின் அடுக்கான ஸ்டாக்கைப் பின்னோக்கிப் பிரிக்க வேண்டும். அதற்கான ரன்டைம் நூலகத்தைக் கெர்னலே தனக்குள் சுமக்க வேண்டும். சாதனம் குறுக்கிட்டு அழைக்கும், தூங்கவே கூடாத இன்டரப்ட் நிலையில், 64 பிட் இன்டெல் வகைச் செயலிகளில் 16 கிலோபைட் மட்டுமே கொண்ட ஸ்டாக்கில், இது ஆபத்தான சுமை. ஆப்பிளின் டிரைவர் கட்டமைப்பான ஐஓகிட், எக்ஸெப்ஷன், டெம்ப்ளேட், பன்மரபுரிமை ஆகியவற்றை விலக்கிய பின்பே சி பிளஸ் பிளஸை ஏற்றது. அங்கும் அடிப்படை கிளாஸில் புதிய ஃபங்ஷன் சேர்த்தால் பழைய டிரைவர்கள் உடையும் என்பதால், விர்ச்சுவல் டேபிளில் வெற்று இடங்களை முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டியிருந்தது. ஹைக்கூ என்ற இயங்குதளத்தின் கெர்னலும் கூகுளின் சிர்கான் என்ற கெர்னலும் சி பிளஸ் பிளஸில்தான் ஓடுகின்றன. லினக்ஸில் 1992இல் அம்மொழியை முயன்று பார்த்துக் கைவிட்டார்கள்.

நான் அம்மொழியிடம் வேண்டுவது கிளாஸை அல்ல, பொருள் மறையும்போது தானாக ஓடும் டிஸ்ட்ரக்டரை. எந்த வழியாக ஃபங்ஷனை விட்டு வெளியேறினாலும் பூட்டு தானாகத் திறக்க வேண்டும். ரஸ்ட் மொழியில் இதை டிராப் என்ற வசதி செய்கிறது. கிளாஸ் மரபுரிமையே இல்லாத அம்மொழிதான் 2022 டிசம்பரில் 6.1 பதிப்புடன் லினக்ஸுக்குள் நுழைந்தது. 2023இல் சி மொழிக்கே, கம்பைலரின் கிளீனப் வசதியை வைத்து, வெளியேறும்போது பூட்டைத் தானாகத் திறக்கும் ‘கார்ட்’ என்ற மேக்ரோவைக் கொண்டுவந்தார்கள்.

என் டிரைவரில் பூட்டும் வரியை எடுத்துவிட்டு அந்த மேக்ரோவை வைத்தேன். திறக்கும் வரிகள் அத்தனையும் நீங்கின. மறுபடியும் தவறான அளவைக் கொடுத்தேன். பிழை எண் வந்தது. அடுத்த முறை படித்தபோது சென்சாரின் எண்கள் உடனே வந்தன.